அதிபர் போட்ட ஆணையை ஒரு நீதிபதி எப்படி நிறுத்த முடியும்?

வாசகர் கடிதம்: டெக்சஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். கிரீன் கார்டு வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்காணலுக்குக் காத்திருக்கிறேன். கேள்வி பதில்களை மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் டிவியைப் போட்டால் குழப்பம்தான். அதிபர் ஒரு ஆணை போடுகிறார், மறுநாள் எங்கோ ஒரு ஊரில் மாவட்ட நீதிபதி அதை நிறுத்துகிறார், அப்புறம் மேல் கோர்ட்டு அந்தத் தடையை நீக்குகிறது. கடைசியில் யார்தான் பெரியவர்? அதிபரின் கட்சிக்கே பெரும்பான்மை இருக்கும்போது, செலவுக்குப் பணம் ஒதுக்கவில்லை என்று அரசாங்கத்தை மூடுகிறார்களே, அது எப்படி? நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. புரியாமல் ஒப்பிக்க மனசு வரவில்லை.

பதில்:

வணக்கம் அம்மா. நான் இங்கே குடியேற்ற வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர். குடியுரிமைக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் "பாஸ் ஆனால் போதும்" என்றுதான் என்னிடம் வருவார்கள், புரிந்துகொண்டு போக வேண்டும் என்று நீங்கள் கேட்டது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

யார் பெரியவர் என்ற கேள்விக்கு, யாரும் இல்லை என்பதுதான் நேரான பதில். 1787-ல் பிலடெல்பியாவில் கூடி அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார்கள். பிரிட்டிஷ் மன்னரிடமிருந்து பிரிந்து பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது, ஒரே ஆள் கையில் எல்லாவற்றையும் கொடுக்க அவர்களுக்குப் பயம். அதே சமயம் அதற்கு முன்பிருந்த ஏற்பாட்டில் மத்திய அரசுக்கு வரி வசூலிக்கும் அதிகாரம்கூட இல்லை, மாநிலங்களிடம் பணம் கேட்டு நிற்க வேண்டிய நிலை, அதனால் பட்ட பாட்டையும் பார்த்திருந்தார்கள். எனவே பலமான ஒரு மத்திய அரசை உண்டாக்கிவிட்டு, அந்தப் பலத்தை மூன்று இடத்தில் பிரித்து வைத்தார்கள். சட்டம் போடுவது காங்கிரஸ் (பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரண்டு அவைகள் கொண்ட இந்த நாட்டு நாடாளுமன்றம்), அதை நடைமுறைப்படுத்துவது அதிபர், தகராறு வந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்று முடிவு செய்வது நீதிமன்றம். இது உங்கள் தேர்வுப் பட்டியலிலேயே இருக்கும். ஒருவர் வேலை முழுசாக முடிய வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்னொருவர் கையும் அதில் பட வேண்டும் என்பதை மட்டும் அந்தப் பட்டியல் அவ்வளவாக உணர்த்துவதில்லை.

நமக்குக் குழப்பம் வரக் காரணம் நாம் பார்த்து வளர்ந்த முறை. இந்தியாவில் மக்களவையில் யாருக்குப் பெரும்பான்மையோ அவர்கள்தான் அரசாங்கம். பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்றத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றால் ஆட்சியே போய்விடும். இங்கே அந்தச் சங்கதியே கிடையாது. அதிபர் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார், நான்கு வருஷம். அவரால் காங்கிரஸைக் கலைக்க முடியாது, காங்கிரஸ் அவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரவும் முடியாது. காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டே யாரும் அமைச்சராக முடியாது, அரசமைப்பே அதைத் தடுக்கிறது. 2025 ஜனவரியில் மார்கோ ரூபியோ வெளியுறவு அமைச்சரானபோது செனட் பதவியை ராஜினாமா செய்துவிட்டுத்தான் போனார். அதிபரை இடையில் இறக்க வேண்டுமானால் பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்ட வேண்டும், செனட் விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு தண்டிக்க வேண்டும். 1868-ல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998-ல் கிளிண்டன், 2019-லும் 2021-லும் டிரம்ப் என்று குற்றச்சாட்டு வரை போனது உண்டு, செனட்டில் யாரும் தண்டிக்கப்படவில்லை.

சரி, இப்போது அந்த ஆணை விஷயம். அதிபர் கையெழுத்துப் போட்டால் அது சட்டமாகிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள், டிவியில் அந்தக் கறுப்புப் பேனாவையும் தோல் கோப்பையும் காட்டுகிற விதமும் அப்படித்தான் நினைக்க வைக்கும். நிர்வாக ஆணை என்பது அதிபர் தனக்குக் கீழே இருக்கும் அரசுத் துறைகளுக்கு இடும் கட்டளை. அதற்கு உயிர் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். ஒன்று, அரசமைப்பு நேராக அதிபருக்குக் கொடுத்த அதிகாரம், உதாரணமாகக் கூட்டாட்சிக் குற்றங்களுக்கு, அதாவது மத்திய அரசின் சட்டத்தை மீறிய குற்றங்களுக்கு, மன்னிப்பு வழங்குவது. இல்லையென்றால் காங்கிரஸ் போட்ட ஏதாவது ஒரு சட்டம். இரண்டும் இல்லாவிட்டால் அந்த ஆணை கோர்ட்டில் நிற்காது.

இதற்கு நான் எப்போதும் சொல்வது 1952-ல் நடந்த எஃகு ஆலை வழக்கு. கொரியப் போர் நடந்துகொண்டிருக்கிறது. எஃகுத் தொழிலாளர்கள் ஏப்ரல் 9 முதல் வேலைநிறுத்தம் என்று அறிவித்துவிட்டார்கள். எஃகு நின்றால் போர்முனைக்குத் தளவாடம் போகாது என்று அதிபர் டிரூமன் முந்தின நாள் இரவே ஒரு ஆணை போட்டு, நாட்டின் பெரும்பாலான எஃகு ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ளும்படி வர்த்தக அமைச்சர் சார்ல்ஸ் சாயருக்கு உத்தரவிட்டார். ஆலை முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஏப்ரல் 29-ம் தேதி வாஷிங்டனில் டேவிட் பைன் என்ற மாவட்ட நீதிபதி, இதற்கு அதிபருக்கு அதிகாரம் இல்லை என்று ஆணையை நிறுத்தினார். போர்க்காலத்தில், ஒரே ஒரு நீதிபதி! மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது, வழக்கு நேராக உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது, ஜூன் 2-ம் தேதி 6-க்கு 3 என்ற கணக்கில் டிரூமன் தோற்றார். அன்றிருந்த ஒன்பது நீதிபதிகளையும் நியமித்தவர்கள் ரூஸ்வெல்ட்டும் டிரூமனும்தான், அதாவது ஒன்பது பேருமே அவர் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். அவருக்கு எதிராக வாக்களித்த ஆறு பேரில் ஒருவரான டாம் கிளார்க், டிரூமனிடமே அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். டிரூமனுக்குக் கடுங்கோபம், இருந்தாலும் உடனே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தம் ஏழு வாரத்துக்கு மேல் நடந்தது.

அந்த வழக்கில் ராபர்ட் ஜாக்சன் என்ற நீதிபதி தனியாக எழுதிய தீர்ப்பைத்தான் இன்று வரை எல்லா வழக்கறிஞர்களும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். காங்கிரஸ் சொன்னதைச் செய்யும்போது அதிபரின் அதிகாரம் உச்சத்தில் இருக்கும், காங்கிரஸ் எதுவும் சொல்லாமல் இருக்கும்போது அது இரண்டுங்கெட்டான் நிலை, காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகப் போகும்போது அதிகாரம் மிகக் குறைவு என்றார். எஃகு வழக்கு மூன்றாவது வகை. ஐந்து வருஷத்துக்கு முன்பு தொழிலாளர் சட்டம் ஒன்றைப் போட்டபோது, ஆலைகளை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடுக்கலாமா என்று காங்கிரஸில் பேச்சு வந்து, வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். டிவியில் புது ஆணை பற்றிச் செய்தி வரும்போது இந்த ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இதற்குக் காங்கிரஸ் எங்கே அனுமதி கொடுத்தது? பாதி வழக்குகள் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கின்றன.

எந்தக் கட்சி அதிபராக இருந்தாலும் இதுதான் கதை. 2022-ல் பைடன் கல்விக் கடனில் ஆளுக்கு 10,000 டாலர், சிலருக்கு 20,000 டாலர் வரை தள்ளுபடி என்று அறிவித்தார். 2003-ல் வந்த ஒரு சட்டத்தைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள். அந்தச் சட்டம் இவ்வளவு பெரிய தள்ளுபடிக்கு இடம் தரவில்லை என்று 2023 ஜூன் 30-ல் உச்ச நீதிமன்றம் திட்டத்தையே ரத்து செய்தது. அதையே நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது பெரிய அடி. தள்ளுபடி நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி, கோர்ட்டு பார்த்தது அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை.

அதிபருக்கு மட்டும்தான் இந்தக் கடிவாளம் என்று நினைத்துவிடாதீர்கள். காங்கிரஸும் இதில் மாட்டியிருக்கிறது, அதுவும் என் தொழிலோடு ஒட்டிய ஒரு வழக்கில். ஜக்தீஷ் ராய் சாதா என்பவர் கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தவர். மாணவர் விசாவில் அமெரிக்கா வந்து படித்தார். 1972-ல் விசா முடிந்துவிட்டது, நாடு கடத்த நடவடிக்கை தொடங்கியது. 1974-ல் குடியேற்ற நீதிபதி விசாரித்து, இவர் நல்ல நடத்தை உள்ளவர், அனுப்பினால் மிகவும் கஷ்டப்படுவார் என்று நாடு கடத்தலை நிறுத்திவைத்தார். அன்றைய சட்டத்தில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. இப்படி நிறுத்திவைத்த முடிவுகளைக் காங்கிரஸுக்கு அனுப்ப வேண்டும், இரண்டு அவைகளில் ஏதாவது ஒன்று தீர்மானம் போட்டால் போதும், அந்த முடிவு செல்லாமல் போய்விடும். 1975 டிசம்பரில் 340 பேர் கொண்ட பட்டியலிலிருந்து ஆறு பேரைப் பொறுக்கி எடுத்துப் பிரதிநிதிகள் சபை தீர்மானம் நிறைவேற்றியது, விவாதம்கூட இல்லாமல். அந்த ஆறில் சாதாவும் ஒருவர்.

அவர் விடவில்லை. வழக்கு எட்டு வருஷம் இழுத்து 1983 ஜூன் 23-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு மனிதரின் சட்டப்பூர்வமான நிலையை மாற்றும் முடிவைக் காங்கிரஸ் எடுக்க வேண்டுமானால், அது சட்டம் போடும் வழியில்தான் போக வேண்டும்: மசோதா இரண்டு அவையிலும் நிறைவேற வேண்டும், அதிபர் மேசைக்குப் போக வேண்டும், அவர் கையெழுத்துப் போடலாம் அல்லது வீட்டோ செய்யலாம், வீட்டோ செய்தால் இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால்தான் அதை மீற முடியும். ஒரு அவை தனியாகக் கையைத் தூக்கி ஒருவரை நாடு கடத்த முடியாது. இந்த ஒரே தீர்ப்பில், பல்வேறு சட்டங்களில் இருந்த இதே மாதிரியான பிரிவுகள் ஆட்டம் கண்டன. அரசியல் செல்வாக்கு எதுவும் இல்லாத, விசா முடிந்துபோன ஒரு மாணவரின் வழக்கு இது என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மரியாதை கூடுகிறது. இது அவ்வப்போது சறுக்குவதையும் நான் கோர்ட்டில் பார்க்கிறேன், ஆனாலும் அந்த மரியாதை போகவில்லை.

இனி அந்த "எங்கோ ஒரு ஊர் மாவட்ட நீதிபதி". நம் ஊர் மாவட்ட நீதிமன்றத்தை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால் விநோதமாகத்தான் தெரியும். இங்கே கூட்டாட்சி நீதிமன்றங்களில் மூன்று படிகள். கீழே 94 மாவட்ட நீதிமன்றங்கள், உங்கள் டெக்சஸில் மட்டும் நான்கு. நடுவில் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். மேலே ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம். மாவட்ட நீதிபதியையும் அதிபர்தான் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் கொடுக்க வேண்டும், பதவி ஆயுள் முழுக்க. அவரைப் பிடிக்கவில்லை என்று அதிபரால் மாற்றவோ நீக்கவோ முடியாது, சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. நீதிபதி தானாக எதையும் நிறுத்துவதும் கிடையாது. அந்த ஆணையால் தனக்குப் பாதிப்பு என்று காட்டக்கூடிய ஒருவர், ஒரு மாநிலமோ நிறுவனமோ தனி மனிதரோ, வழக்குப் போட்டால்தான் அவர் வாயைத் திறக்க முடியும்.

அப்புறம், செய்தியில் வருகிற தடைகளில் பெரும்பாலானவை இடைக்காலத் தடைகள். வழக்கு முடிய மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் திருத்த முடியாத நஷ்டம் வந்துவிடுமா, வழக்குப் போட்டவர் ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறதா என்று பார்த்து அதுவரை நிறுத்திவைப்பது. மேல் கோர்ட்டு அந்தத் தடையை நீக்கினால்கூட ஆணை சரி என்று தீர்ப்புச் சொன்னதாக அர்த்தமில்லை. டிவிக்காரர்கள் "வெற்றி", "தோல்வி" என்று போட்டுவிடுகிறார்கள், மக்கள் ஒவ்வொரு தடவையும் ஏமாந்துபோகிறார்கள். ஒரு நீதிபதி நாடு முழுக்கத் தடை போடலாமா என்ற உங்கள் சந்தேகம் உச்ச நீதிமன்றத்துக்கே வந்தது. பிறப்புரிமைக் குடியுரிமை (இந்த நாட்டில் பிறப்பதாலேயே கிடைக்கும் குடியுரிமை) பற்றிய ஆணையை மூன்று மாவட்ட நீதிபதிகள் நாடு முழுவதும் நிறுத்தியபோது, 2025 ஜூன் 27-ல் 6-க்கு 3 என்று, வழக்குப் போட்டவர்களுக்கு முழு நிவாரணம் தரத் தேவையான அளவோடு தடை நிற்க வேண்டும் என்று சொன்னார்கள். பாதிக்கப்படுகிற எல்லோர் சார்பிலும் சேர்த்து வழக்குப் போடும் வழி மட்டும் திறந்தே இருக்கிறது. அந்த ஆணை அரசமைப்புக்குப் பொருந்துமா என்பதை அந்தத் தீர்ப்பில் அவர்கள் தொடவே இல்லை.

நீதிமன்றத்தையும் பெரியவராக ஆக்கிவிடாதீர்கள். அதனிடம் பட்டாளமும் இல்லை, கஜானாவும் இல்லை. நாட்டில் எத்தனை உச்ச நீதிமன்ற நீதிபதிகள் என்பதே காங்கிரஸ் சட்டம் போட்டு முடிவு செய்வது, ஒன்பது என்பது 1869-ல் வந்த எண்ணிக்கை. தீர்ப்பை நிறைவேற்ற நிர்வாகத்தின் கை வேண்டும். பள்ளிகளில் இனப்பாகுபாடு கூடாது என்று 1954-ல் தீர்ப்பு வந்தும், 1957-ல் அர்கன்சாஸ் மாநில ஆளுநர் ஃபாபஸ், லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் மாநிலக் காவற்படையை வாசலில் நிறுத்தினார். கடைசியில் அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பித்தான் அந்தப் பிள்ளைகள் உள்ளே போக முடிந்தது. காகிதத்தில் இருக்கும் தீர்ப்பு ஒரு பள்ளிக்கூட வாசலைத் தாண்ட மூன்று வருஷமும் ஒரு படைப்பிரிவும் தேவைப்பட்டிருக்கிறது.

அரசாங்கம் மூடுகிற விஷயத்துக்கு வருகிறேன். காங்கிரஸ் சட்டம் போட்டு ஒதுக்காமல் கஜானாவிலிருந்து ஒரு காசுகூட எடுக்கக் கூடாது என்று அரசமைப்பின் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும். அதற்குள் ஒதுக்கீட்டுச் சட்டங்கள் வராவிட்டால் அத்தியாவசியம் தவிர மற்ற வேலைகள் நின்றுவிடும். பெரும்பான்மை இருந்தும் ஏன் முடியவில்லை என்றால், செனட்டின் விதிதான் காரணம். அங்கே 100 பேர், பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் சம்மதிக்க வேண்டும். இந்த 60 அரசமைப்பில் இல்லை, செனட் தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதி. 53 பேர் வைத்திருக்கும் கட்சிகூட எதிர்க்கட்சியில் ஏழு பேரையாவது சேர்த்தாக வேண்டும். 2025 அக்டோபர் 1-ல் தொடங்கியது 43 நாள் நீடித்தது இப்படித்தான். உங்கள் நேர்காணல் தேதி அப்படி ஒரு சமயத்தில் வந்தாலும் பொதுவாகப் பயப்பட வேண்டாம், குடியுரிமை விண்ணப்பங்களைப் பார்க்கும் துறை பெரும்பாலும் நாம் கட்டும் கட்டணத்திலேயே ஓடுகிறது. ரத்து என்று அறிவிப்பு வராத வரை போய்விடுங்கள்.

தேர்வைப் பற்றியும் இரண்டு வார்த்தை. விண்ணப்பத்தை 2025 அக்டோபர் 20-க்கு முன்பு அனுப்பியிருந்தால் பழைய 100 கேள்விப் பட்டியல், அதில் 10 கேட்பார்கள், 6 சரியாக இருக்க வேண்டும். அன்றோ பிறகோ அனுப்பியிருந்தால் 128 கேள்விப் பட்டியல், 20 கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். ரசீதில் தேதி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள், தவறான பட்டியலைப் படித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அதிபர், பிரதிநிதிகள் சபைத் தலைவர், ஆளுநர், உங்கள் செனட்டர்கள், உங்கள் பிரதிநிதி ஆகிய பெயர்கள் மாறக்கூடியவை, போவதற்கு முந்தின வாரம் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். செனட்டர்கள் மாநிலம் முழுக்க ஒரே இரண்டு பேர்தான், பிரதிநிதி மட்டும் உங்கள் முகவரியைப் பொறுத்தவர், சபையின் இணையதளத்தில் ஜிப் கோடு போட்டால் காட்டும். மகனிடம் சொன்னால் நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அதிகாரி கேட்கும்போது நான் மேலே எழுதியது எதையும் விளக்க வேண்டாம் அம்மா, பட்டியலில் உள்ள பதிலை மட்டும் சொல்லுங்கள். கேள்வி காதில் சரியாக விழவில்லை என்றால் இன்னொரு தடவை கேட்கச் சொல்லலாம், அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.